கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில்: அம்மாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

திருச்சி பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். ஏப்ரல் பாதியில் தேர்வு முடிந்ததும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். பள்ளி வாசலில், ரேஷன் கடை வரிசையில், பேருந்தில், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரல் பதிவில் என்று எங்கேயும் கேட்பார்கள். சாப்பாடு, விளையாட்டு, அடிபட்டால் என்ன செய்வது, இவைதான் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை என்பதால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். கடைசிக் கேள்விகள் கொஞ்சம் கனமானவை. அவற்றையும் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

"லீவு விட்டாச்சு டீச்சர். எழுந்ததுலேர்ந்து பசிக்குது பசிக்குதுன்னு நச்சரிக்கிறாங்க. எத்தனை தடவைதான் சமைக்கிறது?"

இரண்டே தடவை. காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒரு முறை, சாயங்காலம் ஆறுக்கு மேல் ஒரு முறை. மதியத்துக்கானது காலையிலேயே தயாராகிவிட வேண்டும். பள்ளியில் மணி அடித்தால்தான் சாப்பாடு என்று பழகிய பிள்ளைகள் இவர்கள். வீட்டிலும் நேரத்தைச் சொல்லிவிட்டால் இரண்டு மூன்று நாள் முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வந்துவிடுவார்கள்.

இடையில் பசி என்றால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பாதி நேரம் அது தாகமாகவோ பொழுது போகாமையாகவோதான் இருக்கும். அதற்குப் பிறகும் பசித்தால் வெள்ளரிப் பிஞ்சு, வாழைப்பழம், கடலை உருண்டை, முதல் நாள் ஊறவைத்த பயறில் சுண்டல் போதும். பிஸ்கட் டப்பாவைக் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு மதியம் சாப்பிட மாட்டேங்கிறான் என்று என்னிடம் வராதீர்கள்.

"அடுப்புப் பக்கமே நிக்க முடியல. மதியத்துக்குக் கெட்டுப்போகாம என்னதான் செய்யறது?"

கலந்த சாதம்தான். எலுமிச்சை, புளி, தயிர் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். தேங்காய் சாதமும் தேங்காய்ச் சட்னியும் அக்னி நட்சத்திரத்தில் மதியம் வரை தாங்காது. மே 4 முதல் 28 வாக்கில் முடியும்வரை அவற்றைச் செய்த கையோடு சாப்பிட்டுவிடுங்கள்.

தயிர் சாதம் புளிக்காமல் இருக்க என் வீட்டுப் பக்குவம் இது. அரிசியைக் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே கரண்டியால் நன்றாக மசிக்க வேண்டும். காய்ச்சி ஆறிய பாலை, சாதம் தளர நீர்க்க இருக்கும்வரை ஊற்றுங்கள், நேரம் ஆக ஆக அது இறுகிவிடும். சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டு, உப்புப் போட்டுக் கலக்கினால் மதியத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். கேரட் துருவல், மாதுளை முத்து போட்டால் சின்னதுகள் கேள்வி கேட்காமல் சாப்பிடும். பக்கத்தில் ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வையுங்கள், வெறும் சோறும் ஊறுகாயும் வளர்கிற பிள்ளைக்குப் பற்றாது.

"ஸ்கூல்ல பொங்கல், கிச்சடி எல்லாம் நல்லா சாப்பிடுறானாம். வீட்ல தட்டைத் தள்ளி விடுறான். உங்க சமையல்ல என்ன மந்திரம்?"

மந்திரம் சமையலில் இல்லை, வரிசையில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நம் வீட்டுச் சாப்பாடுதான் போடுகிறார்கள். முப்பது பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவன் மட்டும் தள்ளிவிட மாட்டான். வீட்டில் அவன் மட்டும் தட்டோடு டிவி முன்னால், அம்மா பின்னாலேயே கிண்ணத்தோடு. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். நீங்களும் அதே நேரத்தில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

"பழைய சோறு குடுத்தா சளி பிடிக்கும்னு மாமியார் சொல்றாங்க. குடுக்கலாமா?"

தாராளமாகக் கொடுக்கலாம். சளி பிடிப்பது கிருமியால், சோற்றால் இல்லை. ஆனால் பழைய சோறு வேறு, கெட்டுப்போன சோறு வேறு. ராத்திரி சாதம் ஆறியதும் சோறு முழுகும் அளவுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் நாள் முழுக்க வெளியே கிடந்த சோற்றைச் சாயங்காலம் சுடவைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து. அதில் உண்டாகும் நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. மிஞ்சினால் குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் கோழிக்குப் போடுங்கள்.

"வெயிலுக்குக் குடிக்க எது நல்லது? ஜூஸ் பவுடர் கலக்கிக் குடுக்கலாமா?"

தண்ணீர், நீர்மோர், இளநீர், நுங்கு. ஜூஸ் பவுடர் சர்க்கரையும் சாயமும்தான், விருந்தாளி வந்தால் ஒரு நாள் கலக்கிக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி ரோஸ்மில்க்கில் எனக்குப் பயம் பாலைவிட ஐஸ்மேல்தான், அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை போதுமான அளவு குடிக்கிறதா என்று அறிய சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

"வயித்தால போகுது. ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பாதி பாதியா டம்ளர்ல கலக்கிக் குடுக்கலாமா?"

கூடாது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுதையும் ஒரு லிட்டர் குடிதண்ணீரில்தான் கலக்க வேண்டும். கண் மதிப்பில் கலக்கினால் உப்பு கூடிப்போகும். கலக்கியது 24 மணி நேரம்தான், பிறகு கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்கும்வரை ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து கலக்கிக்கொள்ளலாம். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு மாற்று ஆகாது.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், சுருண்டு படுத்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள், பேதி நின்றுவிட்டது என்று நடுவில் விடாதீர்கள்.

"போனை வாங்கினா உருண்டு புரண்டு அழுறா. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குடுக்கலாம்?"

இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம், வெளிநாட்டில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுவது தவிர. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருந்து. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் சொன்ன அளவு இது. பெரிய பிள்ளைகளுக்கு நான் சொல்வது: சாப்பிடும்போது இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு இல்லை, படுக்கையில் இல்லை. வாங்கியபின் அழுவதைத் தாங்கிக்கொள்ளுங்கள். அழுகைக்குப் பயந்து ஒரு தடவை திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு இன்னும் சத்தமாக அழும்.

"சரி, போன் இல்லாம பதினோரு மணிலேர்ந்து நாலு மணிவரைக்கும் வீட்டுக்குள்ள என்ன பண்ணுவாங்க?"

இதற்குத்தான் நம் பாட்டிமார் பலகை வைத்திருந்தார்கள். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி, பக்கத்துக்கு ஏழு, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டையை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது வெறுங்குழி என்றால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்புக் கூட்டல் கழித்தலை நான் கரும்பலகையில் நடத்துவதைவிட இது நன்றாக நடத்துகிறது.

கொஞ்சம் பெரியவர்களுக்கு ஆடுபுலி ஆட்டம். சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்காரன் தாண்டி வெட்டப் பார்ப்பான், ஆட்டுக்காரி புலியை நகர முடியாமல் அடைக்கப் பார்ப்பாள். எண்ணிக்கையில் பெரிய பக்கம் பொறுமையாக ஆடினால் ஜெயிக்கும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம் ஆகும், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாங்கல், தாயம், கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் எல்லாம் இருக்கின்றன. மூன்று வயதுக்குட்பட்டது வீட்டில் இருந்தால் கொட்டை, சோழி, கோலிக்குண்டு எல்லாம் ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போக வேண்டும், வாய்க்கும் மூக்குக்கும் போகும் சாமான் அவை.

வெளியே போக வழி இருந்தால் ஊர் நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி உண்டு.

"சமையல் வேலையில சேர்த்துக்கலாமா? எத்தனை வயசுல கத்தி குடுக்கலாம்?"

மூன்று நான்கு வயதில் பட்டாணி உரிக்கலாம், கீரை ஆயலாம். ஆறு ஏழில் மோர் கடையலாம், சாதம் கிளறலாம். எட்டு ஒன்பதில் மழுங்கலான கத்தியில் வாழைப்பழம், வெள்ளரி. அருவாமனை வேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு முன் தனியாக அடுப்பு வேண்டாம் என்பது என் கட்சி. பையன்களுக்கும் இதே கணக்குதான்.

"சூடு பட்டா உடனே இட்லி மாவு ஊத்துவோம். சரிதானே?"

இல்லை. இட்லி மாவு, பேஸ்ட், இங்க், மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து அந்த இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் ஓடட்டும். இருபது நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பாருங்கள். ஐஸ் வைக்காதீர்கள். வளையல், மோதிரம், அரைஞாண் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது, கொப்புளத்தைக் குத்தக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு ஆஸ்பத்திரி. முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு என்றால் சின்னதாக இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும்.

இந்தக் காயங்களில் பெரும்பாலும் நெருப்பைவிடக் கொதிக்கும் ரசமும் குளிக்க வைத்த வெந்நீரும்தான் காரணம். வெந்நீரைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பிள்ளை காலைச் சுற்றாமல் பார்க்க ஒருவர் வேண்டும். கேஸ் வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்கள்.

"தொண்டையில ஏதாவது சிக்கிட்டா விரலை விட்டு எடுக்கலாமா?"

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாததைத் தேடி விரல் விட்டால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். பிள்ளை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால், தலை தாழ்வாக இருக்கும்படி முன்னால் சாய்த்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையா, பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே, விரல்களை மடக்கிய கைமுஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஐந்து தட்டு, மல்லாத்தி நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். மூச்சுப் பேச்சில்லாமல் போனால் 108இல் சொல்லும்படி நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும்.

நான்கைந்து வயதுவரை முழு வேர்க்கடலை வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். வெடித்த பலூன் துண்டு கடலையைவிட மோசம்.

"மண்ணெண்ணெய், பாத்ரூம் ஆசிட் குடிச்சிட்டா உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?"

வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் போன வழியை இரண்டாம் முறை வேக வைக்கும். வாயைத் துடைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் பொத்தான் போன்ற வட்ட பேட்டரியை விழுங்கியிருந்தால், பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்த நிமிடமே எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும் அது. வாழைப்பழம் கொடுத்து வெளியே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காலி குளிர்பான பாட்டிலில் பினாயில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

"எல்லாப் பிள்ளைகளும் ஆத்துக்குப் போறாங்க. என் பையனுக்கு நீச்சல் தெரியும். விடலாமா?"

கிணற்றில் நீச்சல் கற்றவனுக்கு ஆறு புதுசு. கோடையில் கொள்ளிடம் வறண்டு கிடப்பதுபோல் தெரியும், மணல் அள்ளிய பள்ளங்களில் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பவன் அடுத்த அடியில் முழுகிவிடுவான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள், சில ஆண்டுகள் முன்னே பின்னே ஆகும். அதன்பின் நேற்று விளையாடிய வாய்க்கால் இன்று இழுத்துக்கொண்டு ஓடும். பெரியவர் ஒருவர் கூடப் போகாமல் விடாதீர்கள். போகிறவரிடம் "நீங்கதான் சித்தப்பா பார்த்துக்கணும்" என்று பெயர் சொல்லி ஒப்படைத்து, அவரும் போனைப் பையில் வைக்க வேண்டும். நாலு பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதும் பிள்ளை போயிருக்கிறது, மற்றவர் பார்ப்பார் என்றே நாலு பேரும் இருப்பார்கள். முழுகும் பிள்ளை கத்தாது, கை அசைக்காது. சத்தமில்லாமல் போய்விடும்.

யாராவது தத்தளித்தால் குதிக்க வேண்டாம். புடவை, கயிறு, மூடிய காலிக் கேன், கவிழ்த்த பிளாஸ்டிக் குடம் எதையாவது வீசுங்கள். வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள், 108 வரும்வரை நிறுத்தாதீர்கள். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீர் போதும். தொட்டி மூடியும் குளியலறைத் தாழ்ப்பாளும் போட்டபடியே இருக்கட்டும்.

"பக்கத்துக் கடைக்குத்தானே, ஹெல்மெட் எதுக்கு? பையனுக்கு பதினஞ்சு ஆகுது, ஸ்கூட்டி நல்லா ஓட்டுறானே?"

நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023 முதல் நடப்பில் இருக்கிறது. முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப் போனால் பிரேக் போடும்போது ஹேண்டில்பார்தான் பிள்ளையின் நெஞ்சைத் தாங்கும்.

பதினைந்து வயதுப் பையன் ஓட்டி மாட்டினால் தண்டனை உங்களுக்கு: மூன்றாண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. அவனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

"தெரு நாய் லேசாப் பிராண்டுச்சு, ரத்தம் வரல. ஊசி போடணுமா?"

போட வேண்டும். முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைப்பது, கட்டுப் போடுவது எல்லாம் வேண்டாம். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தோலில் போட்டால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள், தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேரும். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு ஊசியும் உண்டு. நம் வீட்டில் வளர்ந்த நாய்தானே என்று விடாதீர்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. நாய் துரத்தியதை, அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைத்துவிடுவதுண்டு. திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பதினோரு வயசுப் பொண்ணு தம்பியைப் பார்த்துக்க மாட்டாளா?"

ஒரு மணி நேரம் பார்ப்பாள். நாள் முழுக்க அவள் தலையில் கட்டுவது அநியாயம், அவளும் பிள்ளைதான். ஆற்றுக் கேள்வியில் சொன்னதேதான், பெயர் சொல்லி ஒரு பெரியவர் வேண்டும். இரண்டு மூன்று வீட்டு அம்மாக்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள், திங்கள் உங்கள் வீடு, செவ்வாய் அவர்கள் வீடு. எங்கள் தெருவில் இது நடக்கிறது. சாப்பாட்டுத் தொல்லையும் பாதி தீர்ந்துவிட்டது.

"சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பணும். தப்பாத் தொடுறதைப் பத்தி எப்படிச் சொல்லித் தர்றது? பயந்துடாதா?"

குளிப்பாட்டும்போது சொல்லுங்கள். உறுப்புகளுக்கு வெட்கப்படாமல் பெயர் சொல்லி, ஜட்டி மறைக்கும் இடத்தை யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது, தங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது, டாக்டர் என்றாலும் அம்மா கூட இருக்கும்போதுதான் என்று இரண்டே வாக்கியம். அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. ரோட்டைக் கடக்கச் சொல்லித் தரும் அதே குரலில் சொன்னால் பிள்ளை பயப்படாது. பையனுக்கும் சொல்லுங்கள். மாமாவுக்கு முத்தம் கொடு என்று கட்டாயப்படுத்துவதையும் விடுங்கள். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் பழகாத பிள்ளைக்கு வெளியே அந்த வார்த்தை வராது.

"பிள்ளை ஏதோ சொல்லுது டீச்சர். ஆனா வீட்டுப் பெரியவர் பேர் வருது. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். என்ன பண்றது?"

முதலில் நம்புங்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு, துருவித் துருவிக் கேட்காமல் அது சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அந்த ஆளை நேரில் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். அன்றிலிருந்தே பிள்ளை அவரோடு தனியாக இருக்கக் கூடாது. உடம்பில் காயம் இருந்தால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பிறகு 1098. குழந்தைகளுக்கான இலவச எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பதுதான் குற்றம். நான் ஆசிரியை என்பதால் என்னிடம் சொன்னபின் எனக்கும் அந்தக் கடமை உண்டு, அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மானம் பற்றிய பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பிள்ளையின் பெயர், படம், ஊர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்க முடிந்தவரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல், உங்கள் வீட்டுக்கோ பிள்ளை விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண்பிள்ளை என்றால் பரிசோதிப்பவர் பெண் மருத்துவராகவே இருக்க வேண்டும், நீங்கள் கூட இருக்கலாம். தனியாகப் பேச நடுக்கமாக இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நானே அந்த எண்ணைப் போட்டுத் தருகிறேன்.